வாய் விற்கும் மனை

நிலத் தொழிலுக்குப் படிப்பு எதற்கு என்ற கேள்வியில் தமிழ்நாட்டில் எல்லோரும் ஒரே கட்சி. காலேஜில் ரியல் எஸ்டேட் படிக்கப் போகிறேன் என்று ஒரு பையன் வீட்டில் சொல்லிப் பார்க்கட்டும். "அதுக்கு எதுக்குடா டிகிரி? மாமாகூட ஆறு மாசம் வண்டியில சுத்து, தானா வந்துரும்" என்பார் அப்பா. மாமா லேசுப்பட்டவர் இல்லை. பத்தாம் வகுப்பைத் தாண்டாதவர். இன்று புறவழிச் சாலையோரம் நான்கு மனைப்பிரிவு ஓடுகிறது. வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கார், கையில் இரண்டு போன். அவரைக் காட்டிவிட்டால் அதற்கு மேல் யாரும் பேசமாட்டார்கள்.

பேசத்தான் வேண்டும் என்கிறேன். மாமா சம்பாதித்தது உண்மை, படிக்காமல் சம்பாதித்ததும் உண்மை. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு தொழிலுக்கே படிப்பு வேண்டாம் என்று முடிவு கட்டுவதில்தான் புரட்டு இருக்கிறது. தரகருக்குத் தெரியாமல் போனதற்கான விலையைத் தரகர் கொடுப்பதில்லை. வாங்கியவர் கொடுக்கிறார், அதுவும் பல சமயம் பத்துப் பதினைந்து வருடம் கழித்து. வேறு எந்தத் தொழிலிலும் அறியாமைக்கு இத்தனை நீண்ட தவணை கிடைப்பதில்லை.

"அனுபவம் எல்லாத்தையும் கத்துக் குடுத்துரும்" என்பது இந்தக் கட்சியின் கொள்கை முழக்கம். சமையல்காரர் உப்பைக் கூட்டிப் போட்டால் அன்றைக்கே இலையில் தெரிந்துவிடும். மறுநாள் கை திருந்தும். மனையில் இருக்கும் வில்லங்கம் அப்படித் தெரிவதில்லை. வாங்கியவர் வீடு கட்டக் கடன் கேட்கும்போதோ, அவருடைய பிள்ளைகள் விற்கப் போகும்போதோதான் அது தலையைத் தூக்கும். அதற்குள் தரகர் மூன்று ஊர் தாண்டி வேறு நகர் போட்டிருப்பார். தான் செய்த தவறு தன்னிடம் திரும்பி வராத ஒருவருக்கு அனுபவம் எதைக் கற்றுக்கொடுக்கும்? வந்தவர் மனைவியின் முகம் எந்த மனையைப் பார்த்து மலர்ந்தது, எப்போது டோக்கன் அட்வான்ஸ் கேட்கலாம், எப்போது "இன்னொரு பார்ட்டி பார்த்துட்டுப் போயிருக்காங்க" என்று சொல்லலாம் என்பதைக் கற்றுக்கொடுக்கும். அந்தப் பாடத்தில் மாமா முனைவர் பட்டமே வாங்கியவர். திண்டிவனத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மனையைச் 'சென்னைக்கு மிக அருகில்' என்று விற்க அந்தப் படிப்பு போதும்.

தெரிய வேண்டியது அப்படி என்னதான் இருக்கிறது? புறநகரில் ஒரு கிரவுண்டு, 2,400 சதுர அடி, சாதாரண மனை என்று வைத்துக்கொள்வோம். விளம்பரத்தில் சதுர அடி, பேச்சில் கிரவுண்டு, பத்திரத்தில் சென்ட், பட்டாவில் ஏர். நான்கும் ஒரே நிலத்தைத்தான் சொல்கின்றனவா என்று கணக்குப் போட்டுப் பார்க்கிற தரகரையே நான் அதிகம் கண்டதில்லை. சரி, அளவு பொருந்திவிட்டது. பட்டா விற்பவர் பெயரில் இருக்கிறது. "பட்டா இருக்கு சார், இதுக்கு மேல என்ன?" என்பார்கள். இதுக்கு மேலதான் எல்லாம். பட்டா வருவாய்த் துறையின் பதிவு. உரிமையின் மூலம் பத்திரத்திலும் வாரிசுரிமையிலும் இருக்கிறது. 1980களில் நடந்த யூடிஆர் திட்டத்தில் பட்டாக்களைத் திருத்தி எழுதியபோது பெயர் மாறியது, பரப்பு மாறியது, பக்கத்துக்காரர் நிலம் இவருடையதாகிவிட்டது. 'யூடிஆர் பிழை' என்றால் இன்றைக்கும் தாலுகா ஆபீஸில் தனி வரிசை நிற்கும்.

அடுத்து வில்லங்கச் சான்று. முப்பது வருடத்துக்குப் போட்டுப் பார்த்தாயிற்று, சுத்தமாக இருக்கிறது என்கிறார்கள். பதிவான ஆவணங்களை மட்டும்தான் அது காட்டும். பதியாமல் எழுதி வைத்த உயிலும், பெரியவர்கள் முன்னிலையில் வாய்மொழியாகப் பிரித்துக்கொண்ட பாகமும் அதில் வராது. விற்பவருக்கு ஒரு தங்கை இருக்கிறாள் என்பதும் வராது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்பாலேயே பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியது, அன்றைக்குத் திருமணமாகாதிருந்த மகள்களுக்கு மட்டும். 2005-இல் மத்தியச் சட்டம் அதை எல்லா மகள்களுக்கும் விரித்தது. அந்தத் திருத்தம் வந்தபோது தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. இந்த மூன்று ஆண்டுகளையும் தெரிந்துகொள்ளாமல் பூர்வீக நிலத்தை ஒருவர் விற்றுக்கொடுக்கிறார் என்றால், அந்தத் தங்கை கேட்க வரமாட்டாள் என்ற நம்பிக்கையைத்தான் விற்கிறார்.

நிலத்தின் சாதி என்றும் ஒன்று உண்டு. நத்தமா, புறம்போக்கா, கோயில் நிலமா, 1892 அரசாணையின்படி ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்கிய பஞ்சமி நிலமா? பஞ்சமி நிலத்தை நிபந்தனையை மீறி வாங்கியவர் கையில் எத்தனை பத்திரம் இருந்தாலும் அது அவருடையதாகாது. மனைப்பிரிவு பெரிதாக இருந்தால், சாலை போக மீதிப் பரப்பில் 10 விழுக்காட்டைப் பொது இடமாக உள்ளாட்சிக்குத் தானமாக எழுதித் தந்திருக்க வேண்டும். அந்தப் பூங்கா இடத்தையே பிறகு மூலை மனை என்று கூட்டி விற்ற கதைகள் ஊருக்கு ஒன்றாவது கிடைக்கும். ஓடை, வாய்க்கால், ஏரிக்கரை எல்லாம் புல வரைபடத்தில் கோடாக இருக்கும். மண் கொட்டிச் சமன் செய்த தரையில் இருக்காது. 2015 டிசம்பர் மழையில் அந்தக் கோடுகள் எல்லாம் தம்மைத் தாமே தண்ணீரால் வரைந்து காட்டின.

இதையெல்லாம் சார்பதிவாளர் பார்த்துக்கொள்வார் என்று நம்பித்தான் நாம் முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு என்று எண்ணி வைக்கிறோம். அவர் பார்ப்பதில்லை. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் ஆவணத்தைப் பதியச் சொல்கிறது. விற்பவருக்கு உரிமை உண்டா என்று தீர்ப்புச் சொல்லும் வேலையை அவருக்குக் கொடுக்கவில்லை. முன் பத்திரத்தைக் காட்டினால்தான் பதிவேன் என்று சொல்ல வழிசெய்து தமிழ்நாடு 55-ஏ என்று ஒரு விதி கொண்டுவந்தது. மூலச் சட்டத்துக்குப் பொருந்தவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் அதை அடித்துவிட்டது. ஆக, பதிவான பத்திரம் என்பது விற்றதற்குச் சாட்சி. விற்கத் தகுதி இருந்தது என்பதை வாங்குபவரேதான் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். சட்டம் இவ்வளவு பெரிய சுமையை வாங்குபவர் தலையில் வைத்திருக்கும் ஊரில், இடையில் நிற்பவருக்கு ஒன்றும் தெரிய வேண்டாம் என்கிறோம்!

"வக்கீல் எதுக்கு இருக்காரு? லீகல் ஒப்பீனியன் வாங்கிக்கலாம்" என்பார்கள். வாங்கலாம், நானும் வாங்கச் சொல்வேன். ஆனால் வக்கீல் தன் மேசைக்கு வரும் நகல்களைப் படிக்கிறார், வயலுக்குப் போவதில்லை. சர்வேயர் வயலுக்குப் போகிறார், பத்திரத்தைப் படிப்பதில்லை. இன்ஜினியர் கட்டடத்தைப் பார்க்கிறார். வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் கடன் தொகைக்கு ஈடு இருக்கிறதா என்று பார்க்கிறார். அவரவர் வேலையில் அவரவர் சரி. ஒருவர் முடித்த இடத்துக்கும் அடுத்தவர் தொடங்கும் இடத்துக்கும் நடுவே இருக்கும் சந்தில்தான் மோசடி குடித்தனம் நடத்துகிறது. வக்கீல் படித்த சர்வே எண்ணும், நம்மைக் கூட்டிப் போய்க் காட்டிய இடமும் ஒன்றுதானா என்று கேட்பது யாருடைய வேலை? ஆரம்பம் முதல் கடைசி வரை கூடவே இருப்பவர் தரகர் ஒருவர்தான். கமிஷனும் அந்தக் கூட இருப்பதற்காகத்தான்.

வில்லங்கத்தை விடுங்கள், விலையாவது தெரியுமா? பக்கத்து மனை என்ன விலைக்குப் போனதோ அதற்கு மேல் கொஞ்சம் என்பதுதான் நம்முடைய மதிப்பீட்டு முறை. 80 லட்சத்துக்கு ஒரு பிளாட், மாத வாடகை 20,000 என்றால் வருடத்துக்கு 2.4 லட்சம், அதாவது 3 விழுக்காடு. பராமரிப்பும் வரியும் அதிலிருந்துதான் போக வேண்டும். வங்கி வைப்புக்கே இதைவிடக் கூடுதல் வட்டி. மீதி லாபம் விலை ஏறுவதில் வர வேண்டும். கட்டடம் வருடா வருடம் பழசாகும், ஏறினால் நிலம்தான் ஏறும். அப்படியானால் வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியது பிரிபடாத பாகம், யூடிஎஸ், எத்தனை சதுர அடி என்று. ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு ஓரிடத்தில் 500 இருக்கும், இன்னோரிடத்தில் 280 இருக்கும். மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் பழைய அடுக்ககத்தை இடித்துக் கட்டலாம் என்று 2024-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுச் சட்டம் வழிவிட்டிருக்கிறது. அன்றைக்கு இந்த எண்தான் பேசும். விற்கும்போது மாடுலர் கிச்சனையும் நீச்சல் குளத்தையும் பேசுகிறார்கள்.

சட்டம் என்ன கேட்கிறது என்று பார்த்தால் வயிற்றெரிச்சல் கூடும். 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் தரகரைப் பதிவு செய்துகொள்ளச் சொல்கிறது. பான் கார்டு, புகைப்படம், முகவரிச் சான்று, கட்டணம். கல்வித் தகுதி என்று ஒரு வார்த்தை கிடையாது. தமிழ்நாட்டில் பத்திரம் எழுதிக்கொடுக்கிறவருக்கு உரிமம் வேண்டும், வீட்டுக்கு ஒயரிங் செய்கிறவருக்கு உரிமம் வேண்டும். ஒரு குடும்பத்தின் முப்பது வருடச் சேமிப்பை ஒரே கையெழுத்தில் இடம் மாற்றி வைப்பவருக்குப் பான் கார்டு போதும். மகாராஷ்டிரம் 2023-இல் விழித்துக்கொண்டு, தரகர்கள் பயிற்சி பெற்றுத் தேர்வில் தேற வேண்டும் என்று கட்டாயமாக்கியது. சிங்கப்பூர் 2010-லேயே தனிச் சட்டம் போட்டது; அங்கே தேர்வெழுதாமல் யாரும் வீடு காட்ட முடியாது. இங்கிலாந்தைச் சிலர் உதாரணம் காட்டுவார்கள். அவசரப்பட வேண்டாம், அங்கே தெருமுனை வீட்டுத் தரகருக்கு இன்றும் உரிமம் கிடையாது. ஆனால் மதிப்பீடும் சொத்து நிர்வாகமும் 1868-இல் தொடங்கிய ஒரு தொழில்முறை அமைப்பின் கட்டுக்குள் இருக்கின்றன. ரெடிங் போன்ற பல்கலைக்கழகங்களில் அதற்கான பட்டப்படிப்பு பல தலைமுறையாக நடக்கிறது.

இங்கே இன்னொரு குருட்டுத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். ரியல் எஸ்டேட் என்றதும் நமக்கு மனை விற்பது மட்டும்தான் ஞாபகம் வருகிறது. ஐடி பூங்காக்களின் வாடகை வருமானத்தைச் சிறு முதலீட்டாளர்களுக்குப் பங்கிட்டுத் தரும் ரீட் நிறுவனங்கள் 2019 முதல் நம் பங்குச் சந்தையில் இருக்கின்றன. கம்பெனிச் சொத்தை மதிப்பிடுகிறவருக்கு 2017 விதிகளின்படி தகுதியும் தேர்வும் உண்டு. 2013-ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டத்தின்படி சமூகத் தாக்கத்தைக் கணக்கிட ஆள் வேண்டும். மாமாவின் வண்டியில் ஆறு மாதம் சுற்றினால் இதில் ஒன்றுகூடக் கண்ணில் படாது.

எதிர்த்தரப்பின் ஒரு வாதத்தை மட்டும் நான் மதிக்கிறேன்: "அந்த கோர்ஸ்ல ஒண்ணும் இல்ல சார்." பல இடங்களில் உண்மைதான். விற்பனை உத்தியையும் பவர்பாயின்டையும் கற்றுக்கொடுத்துவிட்டு ரியல் எஸ்டேட் எம்பிஏ என்று லட்சக்கணக்கில் வாங்குவது, மாமா இலவசமாகச் செய்வதைக் காசுக்குச் செய்வது. வெளிநாட்டுப் பாடத்தை அப்படியே இறக்குமதி செய்தாலும் பயனில்லை. அந்த ஊர்ப் புத்தகத்தில் நத்தமும் இல்லை, பஞ்சமியும் இல்லை, யூடிஆரும் இல்லை. நமக்கு வேண்டிய படிப்பு துண்டு துண்டாக இங்கேயே கிடக்கிறது. சொத்து மாற்றுச் சட்டம் சட்டக் கல்லூரியில், நகரமைப்பு கிண்டியில், நில ஆவணம் வருவாய்த் துறையின் பயிற்சியில். அதே கிண்டியில் இருக்கும் பொறியியல் கல்லூரி தொடங்கியதே 1794-இல் ஒரு நில அளவைப் பள்ளியாகத்தான். நிலத்தை அளப்பதற்குப் பள்ளிக்கூடம் வேண்டும் என்று கம்பெனிக்காரனுக்குத் தெரிந்திருந்தது. வரி வசூலிக்க வேண்டியவன், கணக்குத் தப்பினால் நஷ்டம் அவனுக்கு. நம் தரகருக்கு அந்தக் கவலை இல்லை.

2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று தடுத்தபோது, மாதக்கணக்கில் மாநிலமே நின்றது. மறு வருடம் வரன்முறைத் திட்டம் வந்தது. விற்றவர் காணாமல் போயிருந்த மனைப்பிரிவுகளில் வாங்கியவர்களே விண்ணப்பம் போட்டு, கட்டணம் கட்டி, தங்கள் சொந்த மனைக்கு அங்கீகாரம் வாங்கிக்கொண்டார்கள். அங்கீகாரம் என்றால் என்ன என்று அவர்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். விற்றவருக்கு அதற்கு முன்பே தெரிந்திருந்தால் அவர் மோசடிக்காரர். தெரியாதிருந்தால், அவருக்காகத்தான் நாம் இவ்வளவு நாளும் படிப்பு எதற்கு என்று வாதாடிக்கொண்டிருக்கிறோம்.

பட்டப்படிப்பு வருகிறபோது வரட்டும். அதுவரை மகாராஷ்டிரம் வைத்ததுபோல் ஒரு தேர்வையாவது தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம் வைக்கட்டும், தமிழில். முதல் கேள்வியை நானே எழுதித் தருகிறேன்: நிலத்துக்குச் சொந்தக்காரர் ஒருவருக்குப் பவர் எழுதிக் கொடுத்துவிட்டு இறந்துபோகிறார், அடுத்த வாரம் அந்தப் பவரை வைத்து நிலத்தை விற்கலாமா? "கூடாது" என்று மட்டும் எழுதுகிறவருக்குப் பாதி மதிப்பெண். பவர் வாங்கியவருக்கு அந்தச் சொத்தில் ஏற்கெனவே பாத்தியதை ஏதாவது இருந்ததா என்று திருப்பிக் கேட்டு எழுதுகிறவருக்கு முழு மதிப்பெண். "அதெல்லாம் ஆபீஸ்ல பேசிக்கலாம் சார்" என்று எழுதுகிறவருக்குப் பதிவெண் தர வேண்டாம்.