'சப்மிட்' அழுத்தவே இல்லை... அந்த ஆதார் காப்பி எங்கே போச்சு?

ராத்திரி பதினோரு மணி. ஏதோ ஒரு லோன் தளம். பெயர், மொபைல் நம்பர், ஆதார், மூன்று மாத சேலரி ஸ்லிப் என்று வரிசையாக அப்லோடு செய்கிறீர்கள். கடைசிப் பக்கத்தில் வட்டியைப் பார்த்ததும் 'வேண்டாம்டா சாமி' என்று மூடிவிட்டுத் தூங்கப் போய்விடுகிறீர்கள். சப்மிட் பட்டனைத் தொடவே இல்லை. அப்போ அந்த ஆதார் காப்பி?

பெரும்பாலும் அது போய்ச் சேர்ந்துவிட்டது. ஃபைலைத் தேர்ந்தெடுத்ததும் ஒரு கோடு நகர்ந்து 100% என்று காட்டியதே, அப்போதே.

முன்பெல்லாம் இப்படி இல்லை. சப்மிட் அழுத்தினால்தான் படிவமும் ஃபைலும் சேர்ந்து கிளம்பும். உதாரணத்துக்கு, பிஹெச்பி மொழியில் எழுதிய தளத்தில் வந்து சேரும் ஃபைல் முதலில் சர்வரின் தற்காலிக ஃபோல்டரில் உட்காரும். அதை வேறு இடத்துக்கு நகர்த்தச் சொல்லி கோடு இல்லையென்றால், அந்த வேலை முடிந்ததுமே தானாக அழிந்துவிடும். விருந்தாளி மாதிரி, வந்தார், போனார்.

இப்போது நிறைய தளங்கள் ஃபைலைத் தேர்ந்தெடுத்த நொடியே பின்னணியில் அனுப்பிவிடுகின்றன. சர்வர் அதற்கு ஒரு அடையாள எண் கொடுக்கும். சப்மிட் அழுத்தும்போது போவது அந்த எண் மட்டும்தான். நெட் விட்டு விட்டு வரும் ஊரில் இது நிஜமாகவே வசதி. பெரிய ஃபைலை முதலில் இருந்து ஏற்ற வேண்டியதில்லை. அதனால் இந்த முறையே தப்பு என்று சொல்ல மாட்டேன்.

பிரச்னை, சப்மிட் வராமலே போகும்போதுதான். ஃபைல் இருக்கும், அதற்குச் சொந்தமான விண்ணப்பம் இருக்காது. டெவலப்பர்கள் இதை 'ஆர்ஃபன்' ஃபைல் என்பார்கள். அநாதை ஃபைல்!

இதை யார் கூட்டிப் பெருக்குவது? லாராவெலின் லைவ்வயர், 24 மணி நேரத்தைத் தாண்டிய தற்காலிக ஃபைல்களைத் தானே அழிக்கிறது. ஆனால் ஃபைல்கள் அமேசான் எஸ்3-க்குப் போகிறதென்றால், அங்கே தனியாக ஒரு விதி போட வேண்டும். ரெயில்ஸின் ஆக்டிவ் ஸ்டோரேஜில் நேரடி அப்லோடு வைத்தால் அழிக்கும் வேலையை நாமே எழுத வேண்டும். 2 நாள் பழைய ஃபைல்களைத் தூக்குவதற்கான மாதிரி கோடு அவர்களின் கையேட்டிலேயே இருக்கிறது. எஸ்3-யில் துண்டு துண்டாக ஏறி பாதியில் நின்ற ஃபைல்கள் வழக்கமான பட்டியலில் கண்ணுக்கே தெரியாது, பில் மட்டும் வந்துகொண்டிருக்கும். ஆக, கருவிகள் எல்லாம் இருக்கின்றன. யாராவது நினைவு வைத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். டெட்லைன் நெருக்கடியில் முதலில் மறந்துபோவது இந்த 'யாராவது' செய்ய வேண்டிய வேலைதான்.

'சும்மா கிடந்தா என்ன?' என்று கேட்கலாம். ஃபேஸ்புக் கதையைப் பாருங்கள். 2018 டிசம்பரில் அந்த நிறுவனம் ஒரு கோளாறை ஒப்புக்கொண்டது. அந்த ஆண்டு செப்டம்பர் 13 முதல் 25 வரை, புகைப்படங்களைப் பார்க்க அனுமதி வாங்கியிருந்த வெளி ஆப்கள், தங்களுக்குச் சம்பந்தமில்லாத படங்களையும் பார்க்க முடிந்திருக்கிறது. 68 லட்சம் பேர் வரை, 1,500 ஆப்கள் வரை. அதில் அப்லோடு செய்துவிட்டு போஸ்ட் செய்யாமல் விட்ட படங்களும் அடக்கம். பயனர் திரும்பி வந்து போஸ்ட்டை முடிக்க வசதியாக அத்தகைய படங்களை மூன்று நாள் வைத்திருப்போம் என்று அப்போது விளக்கம் சொன்னார்கள். அதே ஆண்டின் தொடக்கத்தில்தான், பதிவு செய்து வெளியிடாமல் விட்ட பழைய வீடியோக்கள் தங்கள் தரவுத் தொகுப்பில் அப்படியே இருப்பதைப் பார்த்துச் சிலர் அதிர்ந்திருந்தார்கள். அவ்வளவு பெரிய நிறுவனத்திலேயே இந்தக் கதை என்றால், நாலு பேர் சேர்ந்து நடத்தும் லோன் தளத்தில்?

என் கருத்து இதுதான். தற்காலிக ஃபைல் என்று பெயர் வைத்தால் அதற்குக் காலாவதி நேரம் இருந்தே ஆக வேண்டும். 24 மணி நேரம் தாராளம். அந்த நேரத்தை பிரைவசி பாலிசியின் 14-ம் பக்கத்தில் ஒளிக்காமல், அப்லோடு பட்டனுக்குக் கீழேயே எழுத வேண்டும். 'நீங்கள் சப்மிட் செய்யாவிட்டால் நாளைக்குள் அழித்துவிடுவோம்', ஒரே வரிதான். அந்தப் பெருக்கல் குறியை அழுத்தினால் திரையில் இருந்து மட்டுமல்ல, சர்வரில் இருந்தும் ஃபைல் போக வேண்டும். பல இடங்களில் அது கண்ணுக்கு மறைவதோடு சரி.

2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், எந்த நோக்கத்துக்காக வாங்கினீர்களோ அது முடிந்தால் தரவை அழியுங்கள் என்றுதான் சொல்கிறது, வேறு சட்டம் வைத்திருக்கச் சொன்னால் தவிர. பாதியில் கைவிட்ட விண்ணப்பத்துக்கு இனி என்ன நோக்கம் இருக்க முடியும்?

அதுவரைக்கும் நம் பக்கம் ஒரு சின்ன வேலை. முழு ஆதார் கட்டாயம் இல்லாத இடங்களில், யுஐடிஏஐ தளத்தில் கிடைக்கும், கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் 'மாஸ்க்டு' ஆதாரைக் கொடுங்கள். வட்டி விகிதத்தை முதலில் கேளுங்கள், சேலரி ஸ்லிப்பை அப்புறம் ஏற்றுங்கள்.

இதைப் படிக்கும் நீங்கள் டெவலப்பர் என்றால், நாளை ஆபீஸ் போனதும் உங்கள் தற்காலிக ஃபோல்டரைத் தேதி வாரியாக அடுக்கி, ஆகப் பழைய ஃபைல் எந்த வருஷத்தது என்று ஒருமுறை பாருங்கள்.