லாரி விளக்குக்குக் கண் வந்துவிட்டது!
கம்பம் ரோட்டில் நடப்பவரை அது பார்க்குமா?

இரவு மணி 9. தேனியிலிருந்து குமுளிக்குப் போகும் ரோடு.

சின்னமனூரைத் தாண்டி ஒருவர் மோட்டார் சைக்கிளில் போகிறார். பின்னால் மனைவி. நடுவில் குழந்தை. எதிரே ஒரு லாரி வருகிறது. அதன் இரண்டு விளக்குகளும் "பளீர்" என்று எரிகின்றன.

அவர் கண்ணைச் சுருக்குகிறார். தலையைத் தாழ்த்துகிறார். ஒன்றும் தெரியவில்லை. ரோட்டின் ஓரம் எங்கே, பள்ளம் எங்கே, நடந்து போகிறவர் எங்கே? எதுவும் தெரியவில்லை. லாரி "விர்" என்று கடந்து போய்விடுகிறது. அதன் பிறகும் கண்ணுக்குள் ஒரு பச்சை வட்டம் மிதக்கிறது.

அந்தக் குடும்பம் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தது. எப்படித் தெரியும் என்கிறீர்களா? வண்டியை ஓட்டியவன் நான்தான்.

மணிக்கு 40 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் மோட்டார் சைக்கிள், 1 விநாடியில் 11 மீட்டர் ஓடிவிடும். 3 விநாடி கண் தெரியாமல் போனால் 33 மீட்டர்! அத்தனை தூரமும் குருட்டு ஓட்டம்தான். வயதானவர்களுக்குக் கண் தெளிய இன்னும் நேரம் பிடிக்கும்.

லாரி டிரைவருக்கு இந்தக் கஷ்டம் அவ்வளவாகத் தெரியாது. அவர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார். நம்முடைய விளக்கு அவர் கண்ணுக்குக் கீழே போய்விடும். அவருடைய விளக்கு நம் கண்ணுக்கு நேரே வரும்.

இதற்கு இப்போது ஒரு கருவி வந்திருக்கிறது. "டிரைவர் கையை அசைக்கவே வேண்டாம். எதிரே வண்டி வந்தால் விளக்கு தானாகவே டிம் ஆகிவிடும்" என்கிறார்கள்.

கண்ணாடிக்குப் பின்னால்

கருவி மிகவும் சின்னது. டிரைவருக்கு முன்னால் இருக்கும் பெரிய கண்ணாடியின் உள்பக்கத்தில் ஒரு காமிரா இருக்கும். அது ரோட்டையே பார்த்துக்கொண்டிருக்கும்.

எதிரே வெள்ளை வெளிச்சம் தெரிந்தால், "வண்டி வருகிறது" என்று அதற்குப் புரியும். முன்னால் சிவப்பு விளக்கு தெரிந்தால், "வண்டி போகிறது" என்று புரியும். உடனே பிரைட் அணைந்து டிம் எரியும். ரோடு காலியானதும் மறுபடி பிரைட். இன்னும் விலை உயர்ந்த கருவிகளில், எதிரே வரும் வண்டியின் மீது படுகிற வெளிச்சம் மட்டும் அணையும். மற்ற இடமெல்லாம் பகல் போலவே இருக்கும்.

ஐரோப்பாவில் ஓடும் புதிய பெரிய லாரிகளில் இது இருக்கிறது. நம் நாட்டில் விலை உயர்ந்த சில கார்களில் வந்துவிட்டது.

இந்த யோசனை புதிது என்று நினைக்க வேண்டாம். 1952-ம் ஆண்டிலேயே அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி இப்படி ஒரு கருவியைச் செய்தது. அதற்கு "ஆட்ரானிக் ஐ" என்று பெயர். "ஐ" என்றால் கண். ஆனால் அந்தக் கண்ணுக்கு வண்டி எது, தெருவிளக்கு எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. வெளிச்சம் எங்கிருந்து வந்தாலும் ஏமாந்தது. இப்போது வந்திருக்கும் கருவிக்கு அந்த வித்தியாசம் பெரும்பாலும் தெரியும்.

அவர்கள் மறதி வேறு, நம் மறதி வேறு

ஒன்றைக் கவனிக்க வேண்டும்.

அமெரிக்காவில் ரோடு பாதுகாப்பு பற்றி ஆராயும் இன்ஷூரன்ஸ் கழகம் ஒன்று, 2016-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. எதிரே வண்டி இல்லாமல், இருட்டில் தனியாகப் போன வண்டிகளை எண்ணினார்கள். 100-க்கு 18 பேர்தான் பிரைட் போட்டிருந்தார்கள். மற்றவர்கள் டிம் விளக்கிலேயே போய்க்கொண்டிருந்தார்கள்! அந்த ஊர் டிரைவருக்கு பிரைட் போட மறந்து போகிறது. அவருக்காகப் போட்டுவிடுவதற்கு ஒரு கருவி வேண்டியிருந்தது.

நம் ஊரில் கதை தலைகீழ். வீரபாண்டி தாண்டியதும் பிரைட் போட்டால், கூடலூர் வரையில் அணைக்காத மகராசர்கள் உண்டு. போடுவதற்கு இங்கே யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அணைப்பதற்குத்தான் ஆள் தேவை.

அதனால் இந்தக் கருவி முதலில் வர வேண்டிய இடம் லாரிதான் என்பது என் கட்சி. சொகுசுக் கார் இரவில் வீட்டு வாசலில் தூங்குகிறது. இரவெல்லாம் கண் விழித்து ஓடுவது லாரி. தேனியிலும் கம்பத்திலும் ஏற்றும் காய்கறி விடிவதற்குள் கேரளச் சந்தைக்குப் போயாக வேண்டும். இரவு முழுவதும் நூறு தடவை சுவிட்சைத் தட்டித் தட்டிக் கை சலித்துப்போகிறது. பெரிய லாரிகளில் டிரைவர் அறைக்குக் குளிர்சாதன வசதி வேண்டும் என்று சர்க்கார் கட்டாயம் ஆக்கியிருக்கிறது. 2025 அக்டோபர் 1-ந் தேதிக்குப் பிறகு தயாராகும் வண்டிகளுக்கு அது பொருந்தும். நல்ல காரியம். அதே லாரியில் இந்தக் கருவியையும் வைத்தால் என்ன?

நேரான புறவழிச்சாலையில் இது நன்றாகவே வேலை செய்யும்.

மலையில் ஏறினால்?

லோயர் கேம்ப்பைத் தாண்டினால் மலை. அங்கேதான் சோதனை.

பல கருவிகள் மணிக்கு 30, 40 கிலோ மீட்டர் வேகத்துக்கு மேல் போனால்தான் வேலை செய்யும். லோடு ஏற்றிய லாரி குமுளி மலையில் அந்த வேகத்தில் ஏறுமா? வளைவில் எதிர்வண்டி நேருக்கு நேர் வந்த பிறகுதான் காமிராவுக்குத் தெரியும். பனிமூட்டமும் கனமழையும் அதன் பார்வையைக் கெடுக்கும். கண்ணாடியில் சேறு படிந்தாலும் அப்படித்தான்.

எங்கள் ஊரில் ஒரு பெரியவர் இருக்கிறார். 30 வருஷம் லாரி ஓட்டியவர். அவரிடம் இந்தக் கருவியைப் பற்றிச் சொன்னேன்.

"வளைவில் வண்டி வருகிறது என்று உனக்கு எப்படித் தெரியும் தம்பி?" என்று கேட்டார்.

"விளக்கு தெரியும், ஐயா."

"விளக்கு தெரிவதற்கு முன்னாலேயே பாறை மேல் வெளிச்சம் ஊர்ந்து வரும். மரத்தின் உச்சி வெளுக்கும். அப்போதே நான் டிம் போட்டுவிடுவேன். உன் மிஷினுக்கு அது தெரியுமா?"

எனக்குப் பதில் வரவில்லை.

கறுப்பு வேட்டி

மலை இருக்கட்டும். தரையில் இருப்பது இதைவிடப் பெரிய சங்கதி.

இந்தக் கருவி வெளிச்சத்தைத்தான் பார்க்கிறது. விளக்கு இல்லாத டிராக்டரையும், பின்விளக்கு உடைந்த மொபெட்டையும், மாட்டு வண்டியையும் அது வண்டி என்று எடுத்துக்கொள்ளாமல் போகலாம். நடந்து போகிறவர்களையும், சரியான விளக்கு இல்லாத சைக்கிளையும் கருவி கவனிக்காமல் விடக்கூடும் என்று தயாரிப்பாளர்களே கைப்புத்தகத்தில் எச்சரிக்கிறார்கள்.

நம் ரோட்டில் நடப்பவர்கள் கொஞ்சமா? கார்த்திகை பிறந்தால் ஐயப்ப பக்தர்கள் கூட்டம் கூட்டமாகக் குமுளியை நோக்கி நடக்கிறார்கள். இருமுடி தலையில். கால்களில் செருப்பு இல்லை. உடுத்தியிருப்பது கறுப்பு வேட்டி! இருட்டில் கறுப்பு வேட்டி தெரியுமா? ஏலத்தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போகும் பெண்கள், பொழுது விடிவதற்கு முன்பே கையில் தூக்குச் சட்டியுடன் ஜீப்புக்காக ரோட்டோரம் நிற்கிறார்கள். தண்ணீர் பாய்ச்சப் போகிற விவசாயி மண்வெட்டியும் தோளுமாக ரோட்டைக் கடக்கிறார்.

இவர்களுக்கு பிரைட் வெளிச்சமே ஆகாது என்று நான் சொல்லவில்லை. ரோடு காலியாக இருக்கும்போது இவர்களைத் தூரத்திலேயே காட்டிக்கொடுத்துக் காப்பாற்றுவது அதே பிரைட்தான். ஆபத்து எப்போது என்றால், இரண்டு வண்டிகள் நேருக்கு நேர் வரும்போது. இரண்டு பக்கத்து வெளிச்சமும் மோதிக்கொள்ளும் இடத்தில் நடப்பவர் மறைந்து போகிறார். டிரைவர் இருவருக்கும் அவர் இல்லவே இல்லை! அந்தச் சில விநாடிகளில் விளக்கு தானாகத் தாழுமானால் ஓர் உயிர் தப்பலாம். கருவி வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுதான் பெரிய காரணம்.

பக்தர்களின் பையில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டுவதும் நல்லது. அதைக் கண்டு கருவி டிம் போடும் என்று நம்ப முடியாது. ஆனால் டிம் வெளிச்சத்திலும் டிரைவர் கண்ணுக்கு அது மின்னும். 

கருவி கெட்டிக்காரன், ஆனால்...

1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-வது விதி என்ன சொல்கிறது தெரியுமா? விளக்குக்கு முன்னால் 8 மீட்டர் தூரத்தில், வலப்பக்கம் அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண் கூசக்கூடாது. அப்படி வெளிச்சத்தைத் தாழ்த்தி வைக்க வேண்டும். 1.5 மீட்டர் என்பது ஏறக்குறைய நம் வீட்டுப் பெண்களின் கண் உயரம். ஜீப்புக்காக நிற்கிறாரே, அந்த அம்மாவின் கண்தான் அது.

அந்தக் காலத்தில் முன்விளக்கின் நடுவில் கறுப்புப் பொட்டு வைப்பார்கள். போலீசார் வண்டியை நிறுத்தி ஸ்டிக்கர் ஒட்டியதும் உண்டு. இப்போதைய எல்.இ.டி. விளக்குக்கு அந்தப் பொட்டு போதவில்லை.

பல லாரிகளில் பம்பரின் மேலும், டிரைவர் அறையின் உச்சியிலும் தனியாக விளக்குகளை வாங்கி மாட்டியிருக்கிறார்கள். கருவி தன்னுடைய விளக்கைத்தான் தாழ்த்தும். கடையில் வாங்கி மாட்டிய விளக்கு அதன் பேச்சைக் கேட்காது. முன்விளக்கு தானாக டிம் ஆகும்; உச்சியில் இருக்கிற நாலு விளக்கு கண்ணைக் குத்திக்கொண்டேயிருக்கும். இது யாரை ஏமாற்றுவதற்கு? அந்த விளக்குகளைக் கழற்றுவதற்குக் காமிரா தேவையில்லை. ஒரு ஸ்பானர் போதும்.

லோடு விஷயமும் இருக்கிறது. பின்னால் பாரம் ஏறினால் லாரியின் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். அப்போது டிம் விளக்குகூட எதிரே வருபவரின் முகத்தில் அடிக்கும். விளக்கை ஏற்றி இறக்க வண்டியிலேயே வசதி உண்டு. அதைத் தொடுகிறவர்தான் குறைவு.

லாரிச் சொந்தக்காரர்கள் கார்த்திகை பிறப்பதற்கு முன்னால் ஒரு நாள் மாலையில் இதைச் செய்யலாம். லோடு ஏற்றிய பிறகு வண்டியைச் சம தரையில், ஒரு சுவருக்கு 8 மீட்டர் முன்னால் நிறுத்துங்கள். சுவரில் 1.5 மீட்டர் உயரத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுங்கள். டிம் விளக்கைப் போடுங்கள். வெளிச்சம் கோட்டுக்கு மேலே ஏறினால் விளக்கை இறக்கச் சொல்லுங்கள். மெக்கானிக்குக்கு அரை மணி நேர வேலை.