499 ரூபாய்ல மாஞ்சோலை: ஒரு டூட்டி டாக்டரோட த்ரெட்

நைட் டூட்டி முடிச்சு வந்து போனைத் திறந்தா முதல் வீடியோ: "வெறும் 499 ரூபாய்ல மாஞ்சோலை, சோலோ ட்ரிப், முழு பிளான்." வந்த தூக்கம் போயிட்டு. கொஞ்சம் நீளமா எழுதப்போறேன் மக்களே, பொறுமையா வாசிங்க.

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். எனக்கு சொந்த ஊர் வி.கே.புரம். மொட்டை மாடியில நின்னா பொதிகை மலை தெரியும். மாஞ்சோலை எங்களுக்கு ரீல்ஸ்ல வர்ற இடம் இல்ல. என்கூட ஸ்கூல்ல படிச்ச ரெண்டு பேரு நாலுமுக்குப் பயலுவ. லீவு விட்டா மேல போவாங்க, தேயிலைத்தூள் கொண்டு வந்து குடுப்பாங்க. குறைஞ்ச செலவுல ஊர் சுத்துறதுக்கும் நான் எதிரி இல்ல. ஹவுஸ் சர்ஜன் காலத்துல ஸ்டைபண்டை வச்சு அன்ரிசர்வ்டுல பாதி கேரளா சுத்துனவன்தான் நானும்.

வீடியோல சொன்ன கணக்கு இது. ட்ரெயின்ல அம்பாசமுத்திரம். அங்க இருந்து கவர்மெண்ட் பஸ்ல மேல. ஒரு டீ, ஒரு பரோட்டா. மணிமுத்தாறு அருவியில குளியல். சாயங்கால பஸ்ல இறக்கம். மொத்தம் 499, மிச்சம் பிடிச்சாச்சு, சப்ஸ்கிரைப் பண்ணுங்க.

இதுல என்ன விட்டுப்போச்சுன்னு சொல்றேன். அந்த பஸ் உங்களுக்காக ஓடுன பஸ் இல்ல. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி ஜனங்க ரேஷனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய் வந்த பஸ். நீங்க குடிச்ச டீ, தேயிலை பறிக்கிறவங்களுக்காக வச்சிருந்த கடையில போட்ட டீ. வழி தெரியாம நின்னா வழி சொன்னது, மழை பிடிச்சா லைன் வீட்டுத் திண்ணையில ஒதுங்க விட்டது, எல்லாம் அந்த ஜனங்க. மாஞ்சோலை ட்ரிப் என்னைக்குமே மலிவா இருந்ததில்ல. மிச்சச் செலவை வேற ஆள் சுமந்தாங்க, உங்க பில்லுல அது ஏறல. அவ்வளவுதான்.

அந்த ஆளுங்க இப்ப மேல இல்ல. 1929-ல சிங்கம்பட்டி ஜமீன்கிட்ட இருந்து பாம்பே பர்மா கம்பெனி 8,373 ஏக்கரை 99 வருஷக் குத்தகைக்கு எடுத்துச்சு. குத்தகை 2028 வரைக்கும். ஆனா 2024-லயே கம்பெனி வேலையை நிறுத்திட்டு, தொழிலாளர்கள்கிட்ட விருப்ப ஓய்வு எழுதி வாங்கிடுச்சு. நாலு தலைமுறையா இருந்தவங்க மூட்டை கட்டி இறங்குனாங்க. மிச்சம் இருக்கிறது கொஞ்சம் குடும்பங்கதான். "விருப்ப" ஓய்வுங்கிற வார்த்தையை கண்டுபிடிச்சவனை ஒருநாள் பார்க்கணும். இதே ஜனங்க கூலி உயர்வு கேட்டு 1999 ஜூலை 23 திருநெல்வேலியில ஊர்வலம் போனப்போ, போலீஸ் தடியடியில ஆத்துக்குள்ள விழுந்து 17 பேர் செத்தாங்க. "மிஸ்டி பாரடைஸ்"னு கேப்ஷன் போடுறதுக்கு முன்னாடி இது தெரிஞ்சிருக்கட்டும்.

ஆக, நீங்க பார்த்து பிளான் போடுற 2019 வீடியோல இருக்கிற ஊர் இப்ப இல்ல. கடை இருக்கும்னு நம்பாதீங்க. பஸ் நேரத்தை நம்பாதீங்க. "பஸ்ல போனா பர்மிஷன் வேண்டாம்"னு எவன் சொன்னாலும் நம்பாதீங்க. அது 1988-ல அறிவிச்ச களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். அன்னைக்கு செக்போஸ்ட்ல என்ன சொல்றாங்களோ அதுதான் விதி. மழைன்னா ரோட்டை மூடுவாங்க, அருவியில தண்ணி கூடுனா குளிக்க விடமாட்டாங்க. கிளம்புறதுக்கு முன்னாடி அம்பையில வனத்துறை ஆபீஸ்ல கேட்டுட்டுப் போங்க. டென்ட் அடிச்சு தங்குற யோசனை இருந்தா இத்தோட நிறுத்திக்கோங்க, அது ஜாமீன் கேஸ்.

இப்ப என் துறைக்கு வர்றேன். எஸ்டேட் ஓடிட்டு இருந்த காலத்துல நடந்தது. ராத்திரி ஏழரை மணி இருக்கும். ஒரு காலேஜ் பையனை ஜீப்ல கொண்டு வந்து கேசுவாலிட்டியில இறக்குனாங்க. ஆஸ்துமா. ஆக்சிஜன் 84. பேர் கேட்டா ஒரு வார்த்தைக்கு மேல வரல. மேல குளிர்லயும் பனியிலயும் இழுப்பு வந்திருக்கு. இன்ஹேலர் எங்கடான்னா கூட வந்தவன் சொல்றான்: "பேக் வெயிட் குறைக்க ரூம்லயே வச்சுட்டு வந்துட்டான் சார்." கைக்குள்ள அடங்குற சாமான் அது! நெபுலைசர், ஊசி, ஆக்சிஜன்னு விடிய விடிய பார்த்து பொழைச்சிட்டான். ஆனா பொழைக்க வச்சது நான் இல்ல. கொண்டைஊசி வளைவுல இருட்டுல ஜீப் ஓட்டிட்டு வந்த எஸ்டேட் டிரைவர் அண்ணாச்சி. சிக்னல் விட்டு விட்டு வர்ற இடத்துல 108-க்கு லைன் கிடைக்கலன்னு, யாரையும் கேட்காம வண்டியை எடுத்திருக்காரு. பையங்க டீசலுக்கு காசு நீட்டுனாங்க. வாங்கல. வெளியில ஒரு பீடியைப் பத்த வச்சிட்டு, "காலையில டூட்டி இருக்கு சார்"னுட்டு மறுபடி மலை ஏறிட்டாரு.

இப்ப அதே பையனுக்கு அதே இடத்துல இழுப்பு வந்தா? 108 கீழ இருந்து ஏறி வரணும், அப்புறம் இறங்கணும். ரெண்டையும் கூட்டுங்க. அந்த வண்டி மேல இருக்கிற நேரம் அடிவாரத்துல ஒரு பிரசவ கேஸ் வந்தா அதுக்கு வேற வண்டி தேடணும். உங்க 499-ல இந்த வரி எங்க இருக்கு?

2018 மார்ச் 11 குரங்கணி காட்டுத்தீயை மறந்திருக்க மாட்டீங்க. ட்ரெக்கிங் போனவங்க 20 பேருக்கு மேல செத்தாங்க. அன்னைக்கும் முதல்ல மேல ஏறுனது பக்கத்துல இருந்த ஊர் ஜனங்கதான். மலையில எப்பவும் அப்படித்தான், யூனிஃபார்ம் போட்டவங்க ரெண்டாவதாத்தான் வர முடியும்.

பாம்பைப் பத்தி எல்லாரும் கேட்பீங்க. நம்மூர் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன்னு நாலு பாம்புக்குத்தான் தயாரிக்கிறாங்க. மேற்குத்தொடர்ச்சி மலையில குழிவிரியன் வகைகள் உண்டு. அதுல ஒரு வகை கடிச்சு ரத்தம் உறையாமப் போய் கிட்னி கெட்டவங்க உண்டு. அதுக்கு இந்த மருந்து வேலை செய்யாது. அதுக்காக பயந்து சாக வேண்டாம். கயிறு கட்டாதீங்க, கீறாதீங்க, உறிஞ்சாதீங்க, கடிபட்ட காலை அசைக்காம ஆளைத் தூக்கிட்டு கீழ வாங்க. "தூக்கிட்டு"ன்னு சொன்னேன். சோலோ ட்ரிப்ல யாரு தூக்குவா?

அட்டைக்கு பயப்படாதீங்க. கொஞ்சம் ரத்தம் நிக்காம வடியும், அழுத்திப் பிடிச்சா சரியாப் போகும். பயப்பட வேண்டியது கண்ணுக்கே தெரியாத பூச்சிக்கு. புதர்ல உட்கார்ந்து போட்டோ எடுத்துட்டு ஊருக்குப் போயிடுவீங்க, ஒரு வாரம் பத்து நாள் கழிச்சு காய்ச்சல், தலைவலி. டெங்குவான்னு டெஸ்ட் எடுப்பாங்க, நெகட்டிவ். அக்குள், தொடை இடுக்கு, இடுப்புல சிகரெட்டால சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கான்னு பாருங்க. இருந்தா அது அனேகமா ஸ்க்ரப் டைஃபஸ். பொருக்கு இல்லாமலும் வரும். டாக்சிசைக்ளின்னு ஒரு மலிவான மாத்திரை, சீக்கிரம் ஆரம்பிச்சா நல்லாவே கேட்கும். லேட் ஆனா ஐசியூ. டாக்டர்கிட்ட "மலைக்குப் போயிட்டு வந்தேன்"னு நீங்க சொன்னாத்தான் எங்களுக்கே அது தோணும். நிறைய பேரு சொல்றதில்ல, வீட்டுக்குத் தெரியாமப் போன ட்ரிப்பா இருக்கும்.

"டாக்டர், உங்களுக்கு காசு இருக்கு, காசில்லாதவன் மலையைப் பார்க்கக் கூடாதா?"ன்னு கமெண்ட் வரும். தாராளமா பாருங்க. ஏசி காருல வந்து தலையணையில பாட்டில் உடைச்சுட்டுப் போறவனை விட நீங்க எவ்வளவோ மேல். தங்குறதை அம்பையிலயோ கல்லிடைக்குறிச்சியிலயோ வச்சுக்கோங்க, சின்ன லாட்ஜ் கிடைக்கும். சாப்பாட்டைப் பொட்டலமா கட்டிட்டுப் போங்க, குப்பையைத் திரும்பக் கொண்டு வாங்க. மூணு பேராவது போங்க. தினசரி மருந்து, இன்ஹேலர், ரெண்டு ஓஆர்எஸ் பாக்கெட், ஒரு டார்ச். அப்புறம் தனி வண்டி பிடிச்சு கீழ இறங்குறதுக்கான காசைத் தொடாம வச்சிருங்க. அந்தக் காசு இல்லன்னா இந்த மாசம் போகாதீங்க, அடுத்த மாசம் போங்க. வீடியோ போடுற தம்பி, அடுத்த வீடியோல இந்தக் கணக்கையும் சேர்த்துச் சொல்லுங்க. 499-ங்கிறது 1,500 ஆகும், வியூஸ் குறையும். குறையட்டும்.

அந்த டிரைவர் அண்ணாச்சியை போன மாசம் பார்த்தேன். சுகர் மாத்திரை வாங்க ஓபி லைன்ல நின்னாரு. கீழ வந்து வாடகை வீட்டுல இருக்காராம். "மேல ஆளு போறாவளா சார்?"னு கேட்டாரு. போறாங்கன்னேன். "யாருக்காவது முடியலன்னா என்ன செய்வாவ?"ன்னாரு. அதுக்குள்ள அவர் டோக்கன் நம்பரைக் கூப்பிட்டுட்டாங்க.