கேபிளைக் கழற்றுங்கள், வாயைத் திறவுங்கள்



போன மாதம் எங்கள் குழுவில் ஒருவருக்கு 'மண்டப வாடகை பில்' என்று ஒரு மெயில் வந்தது. திறந்தார். பில் இல்லை; லாப்டொப் தன்பாட்டில் ஏதோ செய்யத் தொடங்கியது. மூன்று நாள் அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. பிறகு கேட்டபோது, "வெக்கமா இருந்தது. இவ்வளவு படிச்சும் ஏமாந்திட்டான் எண்டு நினைப்பியள்" என்றார்.

அந்த லாப்டொப்பில் எங்கள் உறுப்பினர் பட்டியல் இருந்தது. காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களோடு ஊரில் வேலை செய்பவர்களின் தொலைபேசி இலக்கங்களும் இருந்தன. எங்களுக்கு இது தலையிடி. அவர்களுக்கோ வீட்டு வாசலில் சிஐடி வந்து நிற்கலாம்.

எங்களுக்கு அவரில் கோபமில்லை. கோபப்பட வேண்டிய இடம் வேறு.

2017 மே 12. எங்கள் அம்மாமாரும் அக்காமாரும் வேலை செய்யும் என்.எச்.எஸ். கணினிகள் வன்னாக்ரை தாக்குதலில் பூட்டிக்கொண்டன. யாரும் எதையும் கிளிக் பண்ணத் தேவையிருக்கவில்லை. வலையமைப்பு வழியே கணினிக்குக் கணினி அதுவே தாவியது. இங்கிலாந்தின் 236 ட்ரஸ்ட்களில் குறைந்தது 80 பாதிக்கப்பட்டன. ஏறத்தாழ 19,000 மருத்துவச் சந்திப்புகள் ரத்தாகியிருக்கும் என்று என்.எச்.எஸ். இங்கிலாந்து மதிப்பிட்டது. தொற்றாத இடங்களும் முன்னெச்சரிக்கையாகக் கணினிகளை நிறுத்திவிட்டுப் பேனைக்கும் காகிதத்துக்கும் போயின.

ஏவியது வடகொரியக் குழு என்றது பிரித்தானிய அரசு. ஆனால் அது நுழைந்த ஓட்டை? விண்டோஸில் இருந்த அந்தப் பிழையை அமெரிக்காவின் என்.எஸ்.ஏ. கண்டுபிடித்து, திருத்தச் சொல்லாமல் தன் ஆயுதமாக ஒளித்து வைத்திருந்தது. அந்த ஆயுதம் களவுபோய் 2017 ஏப்ரலில் இணையத்தில் வெளியானது. மைக்ரோசொஃப்ட் மார்ச் 14இலேயே திருத்தம் வெளியிட்டிருந்தும், பல ட்ரஸ்ட்களில் அது போடப்படவில்லை. விலை கொடுத்தவர்கள் நோயாளிகளும் தாதியரும்தான்.

ஒளித்தால் பரவும். இது உளவு நிறுவனத்துக்கும் பொருந்தும், எங்கள் வட்ஸ்அப் குழுவுக்கும் பொருந்தும்.

ஆகவே, சந்தேகம் வந்த உடனே:

வைஃபையை நிறுத்துங்கள், கேபிளைக் கழற்றுங்கள். கணினியை அணைக்க வேண்டாம்; என்ன நடந்தது என்ற தடயம் அதன் நினைவகத்தில் இருக்கும். இணைப்பைத் துண்டிக்கவே முடியாவிட்டால் மட்டும் அணையுங்கள்.

யூஎஸ்பியோ பேக்கப் டிரைவோ அதில் செருகாதீர்கள். விஷயம் தெரிந்த ஒருவர் பார்க்கும் வரை எதையும் அழிக்காதீர்கள்.

கடவுச்சொற்களை வேறொரு சுத்தமான கருவியிலிருந்து மாற்றுங்கள். மற்ற எல்லாக் கருவிகளிலிருந்தும் கணக்கை வெளியேற்றுங்கள்.

மெயிலில் சொல்லாதீர்கள், அதை வேறு யாரோ வாசித்துக்கொண்டிருக்கலாம். கோல் எடுங்கள். ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு முதலில் தெரியட்டும்: ஊரில் இருப்பவர்களுக்கு.

குழுவின் முடிவு இதுதான்: தனிமைப்படுத்த வேண்டியது கணினியை, தோழரை இல்லை. வந்து சொல்பவரை யாரும் நக்கலடிக்கக் கூடாது, "இதுகூடத் தெரியாதா" என்று கேட்கக் கூடாது. ஒருமுறை கேட்டால் அடுத்தவர் மூன்று நாளில்லை, மூன்று மாதம் வாயே திறக்க மாட்டார்.

இந்தக் கிழமை ஒரு சின்ன வேலை செய்யுங்கள். இரவு ரெண்டு மணிக்கும் எடுக்கக்கூடிய இரண்டு தோழர்களின் இலக்கத்தைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். பூட்டுப்பட்ட லாப்டொப்புக்குள் இருக்கும் இலக்கம் யாருக்கும் உதவாது.