கடல் கடக்குமுன் ஊரில் ஒரு திங்கள்

அயல்நாட்டிற்குக் குடிபெயரும் குடும்பத்தார், புறப்படுதற்கு முன்னுள்ள நாட்களை எங்ஙனம் கழித்தல் நலம்? இவ்வினா இந்நாளில் நம் மாணவர் பலருடைய இல்லங்களில் எழுகின்றது. நுழைவிசைவு கைக்கு வந்த அன்றே ஓட்டமும் தொடங்கிவிடுகின்றது. வங்கிக்கும் கடைக்கும் அலுவலகத்திற்கும் விருந்திற்கும் ஓடி, இறுதியில் விமானத்திற்கும் ஓடுகின்றனர். இவ்வோட்டத்தை இடையில் நிறுத்தி, ஒரு திங்களேனும் அமைதியானதொரு சிற்றூரிற் குடும்பத்தோடு தங்கி இளைப்பாறுதல் வேண்டும் என்பது என் கருத்து.

இதனை மறுப்போர் பலர். செல்லுமிடத்தின் மொழியைப் பயில வேண்டிய காலத்தைப் பனைநிழலிற் போக்குவதா என்பர் ஒருசாரார். பிரியப்போகும் ஊரில் நெடுநாள் தங்கின் பிரிவு மேலும் வருத்துமே என்பர் மற்றொரு சாரார். இவை எளிதிற் தள்ளத்தக்கன அல்ல; எங்கள் வீட்டிலேயே பேசப்பட்டவை.

முற்காலத்தில் இவ்வோய்வைத் தனியே தேடவேண்டியதில்லை. பயணமே அதனை அளித்தது. பேரறிஞர் கால்டுவெல் 1838ஆம் ஆண்டு சென்னையில் வந்திறங்குமுன் நெடுநாள் கடலில் இருந்தார். தெலுங்கறிஞர் சி. பி. பிரவுனின் நட்பு அக்கப்பலிலேயே அவருக்கு வாய்த்தது. பின்னர் 1841இல் இடையன்குடியிற் குடியேறச் சென்னையினின்றும் நடந்தே புறப்பட்டார். ஊர் சேர்ந்தபோது அவர் கால்களேயன்றி உள்ளமும் இந்நாட்டை அடைந்திருக்கும் அன்றோ? நம்மவர் மலேயா சென்ற காலத்தும் அவ்வாறே. 1926இற் கட்டப்பெற்று 1973 வரை ஓடிய ‘ரஜுலா’ என்னுங் கப்பல், சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஏறினோரைப் பினாங்கிற் சேர்க்கப் பல நாட்கள் கொண்டது. மேல்தளத்தில் நெருக்குண்டு கிடந்தோர்க்கு அஃது இன்பச் செலவு அன்று. ஆயினும் விட்டுவந்ததை எண்ணிப்பார்க்க அவர்க்கு நாட்கள் இருந்தன. விமானமோ இன்று ஏற்றி நாளை இறக்கிவிடுகின்றது. உடல் சென்றுவிடுகின்றது, உள்ளம் பின்தங்குகின்றது.

மற்றொன்றும் எண்ணத்தக்கது. தொல்காப்பியர் பிரிவின் இலக்கணங் கூறுமிடத்து, கடல்வழிச் செலவு மகளிரோடு நிகழ்வதில்லை என்கின்றார். அன்று சென்றவன் தலைவன் ஒருவனே. வீடு விளக்கோடு இருந்தது. இன்று கணவனும் மனைவியும் மக்களும் ஒருங்கே செல்கின்றனர். இது நன்றே, மகளிரும் தம் கல்விக்கேற்ற தொழிலை ஆங்குப் பெறுகின்றனர். ஆயின் வீடு பூட்டப்படுகின்றது, முதியோர் எஞ்சுகின்றனர். ஆதலின் ஒருவன் செல்லுஞ் செலவினும் குடும்பமே செல்லுஞ் செலவில் ஆராய்ந்து செய்ய வேண்டுவன மிகுதி. ஓடுகின்றவர்க்கு ஆராய்ச்சி ஏது?

என் பெற்றோரும் தம்பியும் ஆஸ்திரேலியா செல்வதென்று முடிவானபின், மே திங்கள் முழுவதையும் தேரிக்காட்டை அடுத்த எங்கள் ஊரிற் கழித்தோம். யான் பட்டம் பெறும்வரை விடுதியில் இருக்கவேண்டியவன். அது பதநீர்க் காலம். விடியுமுன் பனையேறுவோர் கலயங்களோடு செல்வர். முற்பகலில் விடிலியிற் கருப்பட்டி காய்ச்சும் மணம் வரும். பின்னர் மாலைவரை ஓலை உரசும் ஓசையன்றி வேறில்லை. முதல் வாரம் முழுதும் தந்தையார் உறங்கினார். நகரவாழ்வு அவரை எத்துணைக் களைப்பித்திருந்தது என்பதை அப்பொழுதே அறிந்தோம். அவ்வூரின் அமைதி எங்கிருந்து வந்தது என்பதை யான் சில நாட்கள் கழித்தே உணர்ந்தேன். எங்கள் தெருவில் 14 வீடுகள். அவற்றுள் 9 பூட்டிக் கிடந்தன. எங்களுக்கு இனிதாயிருந்த அமைதி, எங்களுக்கு முன் சென்றோர் விட்டுச்சென்ற வெறுமையே.

வீட்டை விற்றுவிட்டு, பாட்டியாரைத் தூத்துக்குடியில் அத்தை வீட்டிற் சேர்ப்பதென்று சென்னையிலேயே பேசி முடித்திருந்தனர். தொலைபேசியிற் கேட்டபோது பாட்டியார், “உங்கள் விருப்பம்போற் செய்யுங்கள்” என்றாராம். நாங்களும் அதனை இசைவென்றே கொண்டோம். ஊருக்கு வந்த இருபதாம் நாள், தம்பிக்கு நுங்கு வண்டி செய்துகொண்டிருந்தவர், தந்தையாரை நிமிர்ந்து நோக்காமலே, “என் காலமட்டும் இந்த வீடு இருக்கட்டும் ஐயா” என்றார். அவ்வொரு சொல்லைச் சொல்ல அவருக்கு இருபது நாட்கள் வேண்டியிருந்தன. இரண்டு நாள் விடைபெற மட்டும் வந்திருப்போமாயின் அச்சொல் எங்கள் செவிக்கு எட்டியிராது. கிரயப் பத்திரம் எழுதுவது நின்றது. உடைந்த ஓடுகள் மாற்றப்பட்டன. இரவில் துணையிருக்கப் பக்கத்துத் தெருவிலுள்ள பெண்மணி ஒருவர் இசைந்தார். இதனால் எங்கள் பிரிவு எளிதாயிற்று என்று சொல்லேன். பொய்யின்றி நிகழ்ந்தது என்பேன்.

ஆகவே, பிரிவு வருத்துமே என்பார்க்கு என் விடை இது: வருந்தத்தக்கதற்கு வருந்துதல் குற்றமன்று, வருந்தாமல் ஓடிப்போய்ப் பின்னர் அயலூரிற் தனித்திருந்து வருந்துதலே கொடிது. மொழி பயிலவேண்டுமே என்பார்க்கும் ஒன்று கூறுவேன். அந்நாட்டின் மொழியை அந்நாடே கற்பிக்கும். கலயம், பாளை, விடிலி என்னுஞ் சொற்களை ஏழு வயதுச் சிறுவனுக்கு மெல்போர்ன் நகரம் கற்பிக்கமாட்டாது.

எல்லார்க்கும் ஊர் உண்டோ, ஓய்வு உண்டோ எனின், இல்லை என்பதை ஒப்புகின்றேன். கூலிவேலைக்குக் கடல் கடப்போர்க்கு முகவர் குறித்த நாளே நாள். ஆயின் திங்கள் வாய்க்காதோர்க்கு ஒரு வாரமேனும் வாய்க்கலாம். சொந்த ஊர் இல்லாதோர் தம் முதியோர் வாழும் இடத்தையே ஊராகக் கொள்ளலாம். வேண்டுவது இடம் அன்று. முதியவர் ஒருவர் சொல்ல நினைப்பதைச் சொல்லி முடிக்கும் அளவிற்கு நாம் சும்மா இருத்தலே.

இம்மலர் உங்கள் கைக்கு வருங்கால் என் பெற்றோரும் தம்பியும் கடல் கடந்திருப்பர். யான் சனிக்கிழமைதோறும் பாட்டியாரிடஞ் சென்றுவருவேன். நண்பர்களே, உங்கள் இல்லத்திலும் பெட்டி கட்டும் நாள் வருமாயின், அதனைப் பூட்டுமுன் ஒருமுறை ஊருக்குச் சென்று, அவசரமின்றிச் சில நாள் தங்கி வாருங்கள்.