உப்பின் மறுபாதி

அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பும் நீரும் கிடைக்கும் என்பது பள்ளிப் பாடம். அந்த உப்பிலிருந்து காரத்தைப் பிரித்தெடுத்தால் அமிலமும் கூடவே வரும். இந்த அமிலத்துக்குப் பொறுப்பேற்கத் தொழில் உலகம் முக்கால் நூற்றாண்டு எடுத்துக்கொண்டது.

கண்ணாடி, சோப்பு, துணி வெளுப்பு எல்லாவற்றுக்கும் சோடா என்ற காரம் வேண்டும். கடலோரச் செடிகளை எரித்த சாம்பல் அதற்குப் போதவில்லை. பிரெஞ்சு மருத்துவர் நிக்கோலா லெப்லாங்க் சாதாரண உப்பிலிருந்தே சோடா தயாரித்து 1791-இல் காப்புரிமை பெற்றார். உப்பைக் கந்தக அமிலத்துடன் சூடாக்கி, கிடைக்கும் சோடியம் சல்பேட்டைச் சுண்ணாம்புக்கல், நிலக்கரியுடன் உலையிலிடுவது அவர் முறை. புரட்சிக் காலத்தில் ஆலையைப் பறிகொடுத்த அவர் 1806-இல் தற்கொலை செய்துகொண்டார். அவருடைய முறை இங்கிலாந்தில் கொழித்தது.

வில்லங்கம் முதல் படியிலேயே இருந்தது. 100 கிலோ உப்புக்குச் சுமார் 62 கிலோ ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளியேறும். லிவர்பூல், செயின்ட் ஹெலன்ஸ் வட்டாரங்களில் அது காற்றின் ஈரத்தில் கரைந்து, அமிலமாகி, வேலிச்செடிகளைக் கருக்கியது, இரும்பை அரித்தது. முதலாளிகள் புகைபோக்கியை உயர்த்தினார்கள். நாசம் அடுத்த ஊருக்கும் போனது.

இத்தனைக்கும் மாற்று கைவசம் இருந்தது. 1836-இல் சோடா தயாரிப்பாளர் வில்லியம் காசேஜ் பழைய காற்றாலை ஒன்றில் சுள்ளிகளை அடைத்து, மேலிருந்து நீரை வழியவிட்டு, வாயுவை அதனூடே செலுத்தினார். நீரைக் கண்டால் விடாத வாயு அது. ஈரச் சுள்ளிகளிலேயே கரைந்து வடிந்தது. ஆனால் எல்லா ஆலைகளும் இதைச் செய்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பெரும் நிலக்கிழாரான டெர்பி பிரபு 1862-இல் நாடாளுமன்றத்தில் பிரச்சினையைக் கிளப்பினார். 95 சதவீத வாயுவைப் பிடித்தாக வேண்டும் என்று 1863-இல் காரத் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. தெரிந்த வழி கட்டாயமாவதற்கு 27 ஆண்டுகள்!

சட்டம் காற்றைப் பற்றி மட்டுமே பேசியதால், பிடித்த அமிலத்தைப் பலர் ஆற்றில் கொட்டினார்கள். பிறகு வேதியியலாளர்கள் வெல்டனும் டீக்கனும் அதிலிருந்து லாபகரமாகக் குளோரின் எடுக்கும் முறைகளைக் கண்டார்கள்; குளோரின் பிளீச்சிங் பவுடரானது. போட்டியாக வந்த சால்வே முறையின் மலிவான சோடா சந்தையைப் பிடித்தபோது, லெப்லாங்க் ஆலைகளைச் சில காலம் தாங்கியது இந்தப் பவுடர்தான்.

மாசைத் தடுக்கச் செலவு தாங்காது, தொழில்நுட்பம் இல்லை என்ற பேச்சு இன்றும் ஓயவில்லை. அதை அப்படியே நம்பிவிடக் கூடாது. ஓர் ஆலைக்கு அனுமதி தரும் அரசு, என்ன தயாரிப்பீர்கள் என்று கேட்பதோடு நிற்கக் கூடாது. கூடவே உண்டாகும் மற்றது காற்றில், நீரில், மண்ணில் எங்கே போய்ச் சேரும் என்பதையும் எழுதி வாங்க வேண்டும்.