ஒரு இழையும் விடாமல்



ஆரணியில் ஒரு தறிவீட்டில் உட்கார்ந்திருந்தேன். தீர்ந்த பாவின் நுனியோடு புதுப் பாவைப் பிணைத்துக்கொண்டிருந்தார் பெரியவர் ஒருவர். ஆயிரக்கணக்கான இழைகள். "ஒண்ணு விட்டாலும் சேலையில கோடு விழுந்துடும்" என்றார்.

வீடு திரும்பிப் பழைய மக்கள்தொகைக் கணக்கைப் புரட்டியபோது அந்தக் கோடு கண்ணில் பட்டது. ஆரணி அடங்கிய வட ஆற்காடு மாவட்டத்தில் 1871-இல் 20 லட்சத்துக்குச் சற்று அதிகமான மக்கள் இருந்தார்கள். 1881-இல் 18 லட்சம் சொச்சம்தான். பெருகியிருக்க வேண்டிய பத்தாண்டில் ஏறக்குறைய 2 லட்சம் பேர் குறைந்துவிட்டார்கள். நடுவில் வந்தது தாது வருஷப் பஞ்சம்.

நெசவுக் குடும்பம் அரிசியை விலைக்கு வாங்கி உண்ணும் குடும்பம். மழை பொய்த்து நெல் விலை ஏறினால் ஊரார் முதலில் நிறுத்துவது துணி வாங்குவதைத்தான். தறி நின்றால் உலையும் நின்றுவிடும். சாலையோரம் விழுந்து மாண்டவர்களில் பலர் சாவுப் பதிவேட்டில் ஏறவே இல்லை. ஏறியவர்களிலும் எத்தனையோ பட்டினிச் சாவுகள் காய்ச்சல் என்றும் பேதி என்றும் எழுதப்பட்டன.

எண்ணிச் சொன்னவர்களால் உயிர் பிழைத்தவர்களும் உண்டு. 1877-இல் நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் போதும் என்று இந்திய அரசின் பஞ்சப் பிரதிநிதி ரிச்சர்ட் டெம்பிள் கூலியைக் குறைத்தார். சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் விடவில்லை. அந்தக் கூலியில் உடல் உருகுவதையும் முகாம்களில் சாவு கூடுவதையும் எடுத்துக்காட்டி வாதாடினார். அந்த ஆண்டே கூலி உயர்ந்தது. இங்கிலாந்திலும் 1848-இல் ஒரு சட்டம் வந்தது. ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு 23 சாவுக்கு மேல் போகும் ஊரில், ஊரார் கேட்காமலேயே சுகாதார வாரியம் அமைக்கலாம் என்றது அது. சாக்கடையும் குடிநீரும் அந்த எண்ணைத் தொடர்ந்து வந்தன.

இன்று நம் நிலை எவ்வளவோ மேல். 2020 கணக்குப்படி, பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறப்பவை தமிழ்நாட்டில் 13, இந்தியா முழுவதிலும் 28. அந்த 13-ஐயும் குறைக்க வேண்டுமானால், எந்தத் தெருவில், எந்த நோயில் என்று தெரிந்தாக வேண்டும்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் பிறப்போ இறப்போ நிகழ்ந்தால் 21 நாட்களுக்குள் பதிந்துவிடுங்கள், அதற்குக் கட்டணமில்லை. துக்க வீட்டில் அந்த நினைவு யாருக்கும் வராது. பக்கத்து வீட்டுக்காரராக நீங்கள் கூடப் போய் வாருங்கள். தாது வருஷத்தைப் பற்றி உங்கள் பாட்டி, பூட்டி வழியாக வந்த பேச்சு ஏதாவது வீட்டில் இருந்தால் எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். ஏட்டில் ஏறாமல் போனவர்களில் சிலரையாவது நம் பக்கங்களில் பிணைத்து வைப்போம்.

அன்புடன்,
ஆசிரியர்